தோட்டத் திடலிலிருந்து ஒரு ரக்பி அணி

ஃபிஜியின் த்ருவா ரக்பி அணிகூட 2017இல் ஆஸ்திரேலிய உள்நாட்டுப் போட்டியில் தொடங்கி, 2022இல்தான் பல நாட்டு அணிகள் மோதும் பெரிய போட்டியான சூப்பர் ரக்பிக்குள் வந்தது. ஆகவே மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊரில் அணி தொடங்குபவர்கள், முதலிலேயே முழு ஆட்டத்துக்கான 15 பேரைத் தேட வேண்டாம். ரக்பியின் சிறிய வடிவமான செவன்ஸுக்கு 12 பேர் போதும்: ஆட 7, மாற்றுக்கு 5.

காற்பந்து கோலை வைத்துச் சமாளிக்க முடியாது. அதன் அகலம் 7.32 மீட்டர், ரக்பி கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர், குறுக்குக்கம்பி 3 மீட்டர் உயரம். இரும்புக் குழாயில் தனியாகச் செய்து, அடியில் மெத்தை கட்டுங்கள்.

முதல் மாதம் டச் ரக்பி மட்டும்; அதில் எதிராளியை வீழ்த்தாமல் கையால் தொட்டுத்தான் தடுப்பார்கள். பிறகு டேக்கல், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது: முட்டிபோட்டு, அடுத்து நடந்து, கடைசியில் ஓடி. தோள் எதிராளியின் தொடையில் பட வேண்டும். தலை அவருக்குப் பின்பக்கம். தலையை முன்னால் விட்டால் முட்டியில் மோதும். தலையில் அடிபட்ட பையன் ‘ஒன்னுமில்லண்ணே’ என்பான், நம்பாதீர்கள். அன்று அவன் திடலுக்குத் திரும்பவே கூடாது.

15 பேர் ஆட்டத்தில் சிக்கல், இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காகத் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசைதான். 23 பேர் பட்டியலில் அதற்குப் பழகியவர்கள் 6 பேர் வேண்டும். கபடிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கிளப்பை 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையரிடம் பதிந்துவிட்டு, மாநில ரக்பி சங்கத்தை அணுகுங்கள்.