கடல்வளப் பாதுகாப்பு பலன் தந்ததா என்று பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், கீழக்கரைப் பக்கம் கடல் உயிர்களைக் கணக்கெடுக்க வரும் புதுப் பிள்ளைகளின் அறிக்கைகளைப் படித்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த தவறுகளே திரும்பி வருகின்றன. மீன் பெயர் மாறுவது, ஜிபிஎஸ் குறிக்க மறப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், விடுங்கள். தானாகச் சரியாகாதவை இவை.

செய்த வேலையைப் பலனாக எழுதுவது

காரங்காட்டில் எத்தனை அலையாத்திக் கன்று நட்டீர்கள் என்பது செலவுக் கணக்கு. மூன்று வருடம் கழித்து எத்தனை நிற்கிறது, அடியில் நண்டு வந்திருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்.

ஒப்பிட இடம் வைக்காமல் தீர்ப்புச் சொல்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் வந்தது, 21 தீவுகள். 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறி பவளம் வெளுத்துச் செத்தது. அந்தச் சரிவை மட்டும் பார்த்துவிட்டு ரோந்தும் தடையும் வீண் என்று ஒருவர் எழுத, பணம் கொடுத்தவர்கள் அதை நம்பி அடுத்த தவணையை நிறுத்திவிட்டார்கள். ரோந்துப் படகு கடல் தண்ணீரைக் குளிரவைக்குமா? சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளம் உடைப்பதையும் இழுவலை போடுவதையும் தடுப்பதுதான் அதன் வேலை. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே ஆழம், அதே கலங்கல் உள்ள, காவல் இல்லாத பாறையைவிட இங்கே பவளம் சீக்கிரம் மீண்டதா?

நல்ல மழை வருடத்தில் இதே தவறு தலைகீழாக நடக்கும். பறவைச் சரணாலயங்களான தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்கள் நிரம்பி நாரை கூடு கட்டினால் அத்தனையும் நிர்வாகத்தின் சாதனையாகிவிடும், பக்கத்தில் சரணாலயம் இல்லாத கண்மாயிலும் பறவை குவிந்ததை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குச் சேர வேண்டிய பேர் அது.

எது கூடினாலும் நல்லது என்று நினைப்பது

குருசடைத் தீவில், வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசியும் கூடத்தான் செய்தது, உயிரோடு இருந்த பவளத்தின் மேல் படர்ந்து.

ஆவுளியாவை (கடற்பசுவை) மட்டும் தேடுவது

அது மேயும் கடற்புல்லை முதலில் அளந்து பாருங்கள்.

காற்றைப் பார்க்காதது

தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் கலங்கிய தண்ணீரில் எடுத்த கணக்கை, தெளிந்த மாதக் கணக்கோடு சேர்க்காதீர்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களைக் கேட்காதது

எந்தப் பாறை எப்போது செத்தது என்று பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களுக்குத் தெரியும். இடம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அப்புறம், பூங்காவுக்குள் பாசி எடுக்கத் தடை இருக்கிறது, அதனால் யார் எங்கே எடுத்தார் என்று பேர் போட்டு அறிக்கையில் எழுதிவைக்காதீர்கள்.