மழையில் ஏர்பஸ் இறக்குவது எப்படி: சிமுலேட்டர் புதியவர்களுக்கு

வேலூர்ல இருந்து விமானம் ஓட்டணும்னா இன்னைக்கு வீட்டு கம்ப்யூட்டர்தான் கதி. அப்துல்லாபுரத்து ஓடுதளம் சின்ன விமானங்களுக்கானது, அதில் ஏ320 என்ற ஏர்பஸ் பயணிகள் ஜெட்டை இறக்கிப் பழக முடியாது. அதனால் சிமுலேட்டரில் சென்னை மீனம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுதளம் 07, நீளம் சுமார் 3,650 மீட்டர். வானிலையில் கனமழையும் வடகிழக்குக் காற்றும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை நிலவரம் அதுதான். இறங்கும் பாதையும் நம்ம மேற்குப் பக்கத்திலிருந்தே வரும்.

முதலில் கணக்கு. டயரின் காற்றழுத்தம் 200 பிஎஸ்ஐ என்று வைத்தால், அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்க, சுமார் 127 நாட் வரும் (ஒரு நாட் என்றால் மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). ஓடுதளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால், அந்த வேகத்துக்கு மேல் டயர் தரையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே சறுக்கும். ஏ320 தரை தொடுவது ஏறக்குறைய 130, 140 நாட்டில். அதாவது பிரேக் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும்.

இறங்குவதற்கு முன்: ஃபிளாப் (இறக்கையின் பின்புறம் நீளும் பலகை) ஃபுல், ஸ்பாய்லர் (தரை தொட்டதும் இறக்கை மேல் எழும் பலகை) ஆர்ம், அதாவது தயார் நிலை, ஆட்டோபிரேக் (தானாகப் பிடிக்கும் பிரேக்) மீடியம். மேக்ஸ் பட்டனைத் தொடாதீர்கள், அது டேக்-ஆஃபுக்கு. பின்காற்று இருந்தால் எதிர்முனையிலிருந்து இறங்குங்கள்.

1,000 அடி உயரத்தில் வேகம், இறங்கும் வீதம், ஓடுதள நேர்கோடு மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் டோகா போட்டு, அதாவது எஞ்சினை முழு விசைக்குத் தள்ளி, மேலே போய்விடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேகம் 10 சதவீதம் கூடினால் நிறுத்தும் தூரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடும். 'கொஞ்சம் வேகம்தானே' என்று விடுவதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். ஓடுதள முனையை 50 அடியில் கடக்க வேண்டும். கண் நிலைக்க வேண்டியது, முனையிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு தடித்த வெள்ளைப் பட்டைகளில். '50, 40, 30' என்று விமானத்தின் தானியங்கிக் குரல் உயரத்தை எண்ணும்போது மூக்கை லேசாகத் தூக்குங்கள். 'ரிடார்ட்' என்று அந்தக் குரல் சொன்னதும் எஞ்சின் விசை லீவரை ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசைக்கு) இழுங்கள். பூப்போல வைக்க ஆசைப்பட்டு மிதக்க விடாதீர்கள். ஈரத்தில் 'தொம்' என்று உட்கார வேண்டும். அந்த அழுத்தம்தான் தண்ணீரை விலக்கி, சக்கரத்தைச் சுழல வைத்து, ஸ்பாய்லரை உடனே எழுப்பும். மழைநாளில் அடித்து இறக்கிய கேப்டனைத் திட்டும் பயணிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

முதல் 900 மீட்டருக்குள் தொடவில்லையா? மறுபடி டோகா. கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்ததைப் படித்துப் பாருங்கள். மழை, பின்காற்று, சக்கரம் தொட்டதோ தொடக்கத்திலிருந்து 4,400 அடிக்கு மேல் தள்ளி. மேட்டு ஓடுதளத்தின் முனை தாண்டி விமானம் சரிவில் விழுந்து 21 பேர் இறந்தார்கள்.

தொட்டதும் ரிவர்ஸை (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) முழுசாக இழுங்கள். இழுத்த பிறகு மேலே போகும் யோசனையே கூடாது. மூக்குச் சக்கரத்தையும் சீக்கிரம் இறக்குங்கள். 70 நாட்டில் ரிவர்ஸ் ஐடில்.

பக்கக்காற்றில் விமானம் ஒருபக்கம் சறுக்கினால், வேலூர் கிரீன் சர்க்கிளில் மழையில் பைக் வழுக்கும்போது செய்வதுதான்: பிரேக்கைத் தளர்த்துங்கள். ரிவர்ஸையும் ஐடிலுக்குக் கொண்டுவந்து, ரட்டரால் (வாலில் உள்ள சுக்கான்) நடுக்கோட்டுக்குத் திரும்பி, பிறகு மறுபடி பிரேக் பிடியுங்கள். மூக்கு காற்றுப் பக்கம் திரும்பியிருக்கும்போது ரிவர்ஸை விடாமல் வைத்திருந்தால், அதுவே விமானத்தை ஓரத்துக்கு இழுத்துப் போகும்.

செங்குத்தாகப் பிரியும் டாக்ஸிவேக்கு (ஓடுதளத்தை விட்டு வெளியேறும் பாதை) திரும்புவது 10 நாட்டுக்குக் கீழே வந்த பிறகுதான். ஓடுதளக் கடைசியில் ரப்பர் படிந்த தரை ஈரமானால் இன்னும் வழுக்கும். முதல் வழியைத் தவறவிட்டால் அடுத்ததில் வெளியேறுங்கள், யாரும் ஹாரன் அடிக்கப்போவதில்லை.