வீட்டுப் பெரியவர்களின் தள்ளாட்டம்: கூடத்துச் சோதனையிலிருந்து உள்காதுப் பரிசோதனை வரை

"வயசாயிடுச்சு, தள்ளாடத்தான் செய்யும்" என்று சொல்லி விட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடிய உள்காதுக் கோளாறுகூட அந்தத் தள்ளாட்டத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், பாதம், உள்காது மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்ப வேண்டும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன, இரண்டு சிறு பைகள் சாய்வை உணர்கின்றன. இவற்றில் உள்ள உணர்வு செல்கள் வயதாக ஆகக் குறைகின்றன. கூடவே கண்புரையும், சுகரால் மரத்துப்போன பாதமும் சேர்ந்துகொண்டால் ஈடுகொடுக்க எதுவும் மிச்சமிருக்காது.

முதலில் இடம்

பெரியவரின் நிலை எப்படி என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தரையில் கிடக்கும் கால்மிதியை எடுத்துவிட்டு, ஈரமில்லாத தரையில், சுவர் மூலைக்கு முதுகு காட்டி வெறுங்காலுடன் அவரை நிற்க வையுங்கள். முன்னால் கனமான நாற்காலி ஒன்று இருக்கட்டும். நீங்கள் கையெட்டும் தூரத்திலேயே நில்லுங்கள். தலைசுற்றல் இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து, நான்கு நிலைகள்

கண் திறந்தபடி, கைத்தடி இல்லாமல், ஒவ்வொன்றும் 10 நொடி. முதலில் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்பது. பிறகு ஒரு பாதத்தின் உள்வளைவு மற்றக் கால் பெருவிரலைத் தொடும்படி லேசாக முன்னே நகர்த்தி நிற்பது. மூன்றாவது, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொட ஒரே கோட்டில் நிற்பது. கடைசியாக ஒற்றைக் கால்.

கையைப் பிடித்து நிலைக்குக் கொண்டுவந்து, விட்ட பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஒரு நிலையில் முடியவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள். எண்ணும்போதே பாதத்தையும் பாருங்கள்: நிற்கச் சிரமப்பட்டால் விரல்கள் தரையைக் கவ்வும், கணுக்கால் இடமும் வலமும் துடிக்கும். கண்ணை மூடச் சொல்லும் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

நடையும் பிபியும்

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் இடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள். அப்புறம் 5 நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 குறைந்தாலோ, கீழ் எண் 10 குறைந்தாலோ கோளாறு காதில் இல்லாமல் ரத்த ஓட்டத்தில் இருக்கலாம்.

இனி மருத்துவரிடம்

படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல் வருகிறதா? இதை அவசியம் சொல்லுங்கள். உள்காதுப் பையில் இருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் நழுவியிருக்கலாம். 50 வயதுக்கு மேல் இது அதிகம். பெரியவர்கள் "சுத்துது" என்று சொல்லாமல் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுவதும் உண்டு. அதனால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இதற்கு டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்வார்கள். தலையை 45 டிகிரி திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து, கருவிழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துகள்தான் காரணமென்றால் எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காரணம் பிடிபடவில்லை என்றால் அடுத்தது விஎன்ஜி. கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, கருவிழி அசைவைப் பதிவு செய்வார்கள். அதில் ஒரு பகுதியாக 30 டிகிரி, 44 டிகிரி சூட்டில் காதுக்குள் தண்ணீர் விடுவார்கள். இந்தக் கலோரிக் சோதனைக்கு வழிவகுத்த மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர் விட்டதும் தலை சுற்றும், சற்று நேரத்தில் அடங்கும். அதைப் பெரியவரிடம் முன்பே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போதுதான் வயது முக்கியமாகிறது. ஒலி கொடுத்துக் கழுத்துத் தசையின் துடிப்பை அளக்கும் வெம்ப் சோதனையில் 60 வயதுக்கு மேல் அளவு குறைந்து வருவது சாதாரணம். ஆனால் கலோரிக்கில் ஒரு காது மட்டும் தெளிவாகப் பின்தங்கினால் அதை வயதின் கணக்கில் எழுத முடியாது. வயது பெரும்பாலும் இரண்டு காதையும் சேர்த்தே பாதிக்கும்.

தலைசுற்றல் மாத்திரைகளில் சில கருவிழி அசைவை அமுக்கி முடிவையே மாற்றிவிடும். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் வலுவிழந்தாலோ இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐ அழையுங்கள்.