விற்பவர் கேட்கும் விலை சரியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வீடு பார்க்கிறீர்களா? விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. அதே தாமானில், அதே அளவு வீடு அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். நாபிக் எனப்படும் தேசியச் சொத்துத் தகவல் மையம் இந்த விவரங்களைத் திரட்டுகிறது. மூலை வீட்டோடு நடு வீட்டை ஒப்பிடாதீர்கள். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், 99 ஆண்டுக் குத்தகை பாதி கரைந்திருந்தால் விலையும் இறங்கத்தான் வேண்டும்.

வங்கி மதிப்பீட்டை முன்கூட்டியே விசாரிப்பது முக்கியம். விற்பவர் 260,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார், மதிப்பீட்டாளர் 230,000 என்கிறார் என்று வையுங்கள். வங்கி குறைந்த தொகையைத்தான் கணக்கில் எடுக்கும். 90 விழுக்காடு கடன் கிடைத்தாலும் 207,000தான். மீதி 53,000 உங்கள் கையிலிருந்து. வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி.

பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையைக் காட்டி விலை ஏற்றுவார்கள், எல்லாரும் செய்வதுதான். நகராண்மைக் கழகம் அனுமதித்த வரைபடத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் அந்தச் சமையலறைக்கு ஒரு வெள்ளிகூடக் கூட்டாதீர்கள். மழை பெய்த மறுநாள் போனால் கூரைப் பலகையின் பழுப்புக் கறையும் கண்ணில் படும்.