கச்சானில் பறக்கும் பாய்ப்படகு: கட்டுவதிலிருந்து போட்டி வரை

ஜூன் பிறந்தால் நம் சீமையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே நுழையும் கச்சான் என்னும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றாலை இறக்கையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் அதே மாதிரி வடிவத்தைச் சின்னதாகச் செய்து, படகுக்கு அடியில் தண்ணீருக்குள் மாட்டினால் படகு எழும்பிவிடும். இதற்குப் பெயர் ஹைட்ரோஃபாயில், சுருக்கமாக ஃபாயில். மணப்பாட்டுக் கரையில் இறக்கினால், "படகு பறக்குமா அண்ணாச்சி?" என்று நாலு பேர் நிச்சயம் கேட்பார்கள். பறக்கும். ஆனால் கட்டும் விதத்தில் கட்ட வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டுகிறவர்கள் படகின் உடலை மினுக்குவதிலேயே பாதிக் காசைச் செலவழித்துவிடுகிறார்கள். படகு எழும்பிய பிறகு உடல் தண்ணீரைத் தொடவே போவதில்லை. காசும் பொறுமையும் இறக்கைகளுக்கும் அவற்றை ஆட்டும் கம்பிக்கும்தான் போக வேண்டும்.

அளவுகள்

மாத் (Moth) என்ற ஒற்றை ஆள் பாய்ப்படகுப் பந்தய வகையையே முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அதன் விதிப்படி நீளம் 3.355 மீட்டருக்கும் அகலம் 2.25 மீட்டருக்கும் மேல் போகக் கூடாது. பாய் சுமார் 8 சதுர மீட்டர். 2005இல் மெல்போர்னில் ரோஹன் வீல் ஃபாயில் மாட்டிய மாத்தில் உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பிறகு ஃபாயில் இல்லாத மாத்தை முன்வரிசையில் யாரும் ஓட்டுவதில்லை.

ஆள் 75 கிலோ, படகு 40 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 115. இதில் முக்கால் பங்கை நடுப்பலகையின் (படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் செங்குத்துத் தண்டு) அடியில் உள்ள முன் இறக்கையும், மீதியைச் சுக்கானின் அடியில் உள்ள பின் இறக்கையும் சுமக்கும். 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் எழும்ப வேண்டுமென்றால் முன் இறக்கை 110 செ.மீ. நீளமும் சராசரி 13 செ.மீ. அகலமும், பின் இறக்கை 80 செ.மீ.க்கு 11 செ.மீ.யும் இருந்தால் போதும். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். வேகம் 16 நாட் ஆகும்போது இறக்கையின் கோணம் மாறாமல் இருந்தால் 460 கிலோவைத் தூக்கும் விசை வந்துவிடும். படகு துள்ளி வெளியே வந்து குப்புற விழும்.

அதைத் தடுப்பதுதான் முன்மூக்கில் தொங்கும் கோல். அதன் நுனி தண்ணீரில் இழுபடும். படகு தாழ்ந்திருக்கும்போது கோல் பின்னால் சாய்ந்து, கம்பி வழியே முன் இறக்கையின் மடலை, அதாவது பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பகுதியை, கீழே இறக்கும். தூக்கும் விசை கூடும். படகு உயர்ந்தால் எலாஸ்டிக் கயிறு கோலை முன்னால் இழுக்கும். மடல் மேலே திரும்பி, விசை குறையும். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

இறக்கை செய்வது

உடலுக்கு 4 மி.மீ. மரைன் பிளைவுட் போதும். இரண்டு பக்கமும் உட்கார அலுமினியக் குழாயில் துணி கட்டிய சிறகு வைக்க வேண்டும். பாய்மரத்துக்கும் பாய்க்கும் பழைய விண்ட்சர்ஃப் சாமான் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். உடலைப் பற்றி இவ்வளவு போதும்.

இறக்கைக்கு நேரான ரேகையுள்ள லேசான மரத்தை 2 செ.மீ. பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒட்டுங்கள். அப்போதுதான் பலகை முறுக்காது. நாகா (NACA) 63-412 என்ற விமான இறக்கை வெட்டுவடிவத்தை முழு அளவில் அச்செடுத்து, சன்மைக்காத் துண்டில் உட்குழிவாக வெட்டி அச்சுப்பலகை செய்துகொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு இடத்தில் அதை மரத்தின் மேல் வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்துக்கு இரண்டு பக்கமும்தான் மரம் மேடாக இருக்கும், அங்கே தேயுங்கள். அரை மில்லிமீட்டர் பிசகுகூட ஓட்டத்தில் தெரியும். 13 செ.மீ. அகலத்துக்குக் கனம் சுமார் 15.5 மி.மீ. வர வேண்டும்.

ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் வள்ளத்துக்குச் சரி, இறக்கைக்கு ஆகாது. இதற்கு எபாக்ஸி ரெசின்தான் வேண்டும். ஒருதிசை இழையுள்ள கார்பன் துணியை மேலும் கீழும் நடுவில் நாலு அடுக்கு, நுனியில் இரண்டு அடுக்கு என்று படுக்க வையுங்கள். நம் ஊர் வெயிலில் எபாக்ஸி பொல்லாதது. சூடு 10 டிகிரி கூடினால் வேலைக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். கப்பில் மொத்தமாகக் கலக்கினால் புகைய ஆரம்பித்துவிடும். மெதுவாக இறுகும் ஹார்டனர் வாங்கி, விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள்.

காய்ந்தபின் முன் இறக்கையின் பின்விளிம்பில் 30 சதவீத அகலத்தை அறுத்து மடலாக்குங்கள். பாய்த்துணிப் பட்டையை ஒட்டினால் அதுவே கீல். மற்ற பரப்பை 400 நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும், பளபளப்பு தேவையில்லை.

இறக்கையும் செங்குத்துத் தண்டும் சேரும் இடம்தான் முதலில் முறியும். கடலுக்குப் போகும் முன்பே சோதித்துவிடுங்கள். இறக்கையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துத் தாங்கி, நடுவில் 150 கிலோவை ஏற்றுங்கள். கறக் முறுக் சத்தம் வந்தால் வீட்டிலேயே வரட்டும்.

பொருத்துவதும் டியூன் செய்வதும்

படகைக் கவிழ்த்துப் போட்டு, கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் கடன் வாங்குங்கள். இரண்டு இறக்கைகளும் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று இணையாகவும், தண்டுகள் ஒரே கோட்டிலும் இருக்க வேண்டும். அப்புறம் மடலைக் கையால் பிடித்துக்கொண்டு கோலை ஆட்டிப் பாருங்கள். கோல் 1 மீட்டரும், அதில் கம்பி மாட்டும் நெம்புகை 3 செ.மீ.யும் என்றால், கம்பியில் 1 மி.மீ. ஆட்டம் கோல் நுனியில் 3 செ.மீ.க்கு மேல் தெரியும். படகு ஒழுங்காகப் பறக்காததற்குப் பாய்மேல் பழி போடும் முன் இந்த ஆட்டத்தைச் சரிபார்ப்பது நல்லது.

எழும்பவே மாட்டேன் என்றால் மடல் போதிய அளவு கீழே இறங்கவில்லை. கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். மூக்கு தூக்கிக்கொண்டே போனால் சுக்கான் இறக்கையின் கோணத்தை அரை டிகிரி கூட்டுங்கள். பின்பக்கம் உயர்ந்து மூக்கு இறங்கும். கிடாக்குட்டி மாதிரித் துள்ளினால் எலாஸ்டிக் இழுவையையும் கம்பி ஆட்டத்தையும் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எங்கே ஓட்டுவது

குளம் வேண்டாம். ஆகாயத்தாமரை வேர் இறக்கையில் சுற்றினால் அத்தோடு ஓட்டம் நின்றது. தண்டே ஒரு மீட்டர் நீளம் என்பதால் இரண்டு மீட்டர் ஆழமாவது வேண்டும். கிழக்குக் கரையில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை தாழ்ந்து, தண்ணீர் தட்டையாக இருக்கும். ஃபாயிலுக்கு அருமையான தண்ணீர். அதே காற்று, பாய்மரம் முறிந்தால் உங்களை இலங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மோட்டார் பூட்டிய வள்ளம் ஒன்று கூட வராமல் கிளம்பவே கூடாது. மிதவைச் சட்டை, ஹெல்மெட், கால் மூடிய உடை எல்லாம் கட்டாயம். இறக்கை விளிம்பு கத்தி.

படகைச் சாய்த்து நெஞ்சளவு தண்ணீர் வரை நடத்திக்கொண்டு போய் ஏறுங்கள். காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, படகைக் காற்று வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, பாய்க்கயிற்றை இழுங்கள். சலசலப்பு சட்டென்று நின்றால் எழும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். வேகம் கூடக் கூடக் காற்று முன்னாலிருந்து வருவதுபோல் இருக்கும். பாயை இன்னும் இழுக்க வேண்டும். சுக்கானை விரலால் அசைத்தால் போதும்.

போட்டி

இரண்டு மூன்று படகு சேர்ந்துவிட்டால் காலிக் கேன்களை மணல் சாக்கில் கட்டி நங்கூரமிட்டு, காற்று வரும் பக்கம் ஒன்றும் காற்று போகும் பக்கம் ஒன்றுமாகப் போட்டுப் பந்தயம் வைக்கலாம். பாய்ப்படகுப் பந்தயப் பொது விதிப்படி புறப்பாட்டுச் சைகைகள் 5, 4, 1, 0 நிமிடங்களில் வரும். கோட்டருகே கூட்டத்தில் நின்று முட்டிக்கொள்வதைவிட, ஒதுங்கி நின்று வேகமெடுத்துப் பறந்தபடியே கோட்டைக் கடப்பது ஃபாயிலுக்கு லாபம். எதிர்க்காற்றில் காற்று வரும் திசைக்கு இன்னும் நெருங்கிப் போக ஆசைப்பட்டு வேகத்தை விட்டால் படகு தண்ணீரில் உட்கார்ந்துவிடும். அதனால் கோணத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு வரும்போதும் நேராக வராமல் வளைந்து வளைந்து வாருங்கள். திருப்பங்களில் ஆரம்பத்தில் படகை இறக்கித் திருப்பினால் போதும். பறந்தபடி திருப்புவது பிறகு வரும்.

காற்றை வலப்பக்கம் வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கி வரும் படகு வழிவிட வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் நடுவரை தடைக்காலம் என்றாலும் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும், வலையும் கிடக்கும். அவர்களுக்கு எப்போதும் நாம்தான் வழிவிட வேண்டும். காலையில் கரையில் கேட்டு, வலை கிடக்கும் பக்கத்தைத் தெரிந்துகொண்டு கேன்களைப் போடுங்கள்.