ஹோரஸுக்கு சேத் என்ன உறவு? எகிப்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்தியத் தெய்வங்களைப் பற்றிப் புதிதாக எழுத வருபவர்கள் கட்டுரையை முடித்ததும் என்னிடம் பார்க்கக் கொடுப்பதுண்டு. தொடக்கத்தில் நான் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். பூனைத் தலை பாஸ்டெட்டையும் சிங்கத் தலை செக்மெட்டையும் மாற்றிப் போடுவது போன்ற சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். நாலு படம் பார்த்தால் அது தானே சரியாகிவிடும். உறவுமுறையில் வரும் தவறுதான் கட்டுரை முழுவதையும் கெடுக்கிறது.

எல்லோரையும் ஒரே வம்சாவளியில் அடைப்பது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது. உச்சியில் ஆட்டம் என்ற முதல் தெய்வம். கீழே ஷூ, டெஃப்நட். அடுத்து கெப், நட். அப்புறம் உடன்பிறந்தவர்களான ஒசைரிஸ், ஐசிஸ், சேத், நெஃப்திஸ். இதுவரை சரி, ஹீலியோபோலிஸ் பூசாரிகள் வகுத்த ஒன்பது தெய்வங்கள் இவை. இதோடு நிறுத்தாமல், மிச்சமுள்ள அத்தனை தெய்வங்களையும் இதே படத்தில் எங்காவது ஒட்டிவிடப் பார்க்கிறார்கள். தீப்ஸில் அமுன், மூட், கோன்சு ஒரு குடும்பம். மெம்பிஸில் ப்தா, செக்மெட், நெஃபர்டெம் ஒரு குடும்பம். அந்தந்த ஊர்க் கோயிலுக்கு அந்தந்தக் குடும்பம்.

ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் ஒரு கண்காட்சிக்காக ஆளுயர ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தார். அதில் ஹாத்தோர் ஹோரஸின் மனைவி, அவ்வளவுதான். எட்ஃபு கோயிலுக்கு அது பொருந்தும். தாலமி மன்னர்கள் காலத்தில், டெண்டெராவிலிருந்து ஹாத்தோரின் சிலை ஆண்டுதோறும் நைல் நதியில் படகேறி எட்ஃபுவுக்குப் போய் ஹோரஸுடன் சேர்வது பெரிய திருவிழா. ஆனால் அதே ஹாத்தோரைச் சூரியத் தெய்வமான ராவின் மகள் என்றும் ஹோரஸின் தாய் என்றும் சொல்லும் மரபுகள் உண்டு. அவற்றைப் பிழை என்று நினைத்து அவர் நீக்கியிருந்தார். ஹோரஸின் நிலைமை இன்னும் மோசம். ஒசைரிஸின் தம்பியான மூத்த ஹோரஸையும், ஒசைரிஸுக்கும் ஐசிஸுக்கும் மகனான ஹோரஸையும் ஒரே கட்டத்தில் போட்டிருந்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஹோரஸுக்கு ஹோரஸே சித்தப்பா! அச்சான பிறகு என்ன செய்ய முடியும்? காசும் போச்சு, உழைப்பும் போச்சு.

எகிப்தியர்கள் இப்படி ஒற்றைக் கோட்டில் நிற்கவே இல்லை. டப்ளினில் பாதுகாக்கப்படும் ஒரு பாப்பிரஸ் சுருளைப் பாருங்கள். ஐந்தாம் ராம்சேஸ் காலத்தது, அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டு. ஒசைரிஸின் அரியணை யாருக்கு என்று ஹோரஸும் சேத்தும் தெய்வங்களின் சபையில் வழக்காடும் கதை அதில் இருக்கிறது. சொந்த மகன் இருக்கும்போது தாய்மாமனுக்கா பதவி என்று ஒரு தரப்பு கேட்கிறது. உடனே மெண்டிஸ் நகரத்து ஆட்டுக்கடாத் தெய்வம், அண்ணன் சேத் இருக்கும்போது இந்தச் சின்னப் பையனுக்கா என்று திருப்பிக் கேட்கிறது. ஒரே சபையில், அடுத்தடுத்த பேச்சில், சேத் ஹோரஸுக்குத் தாய்மாமனாகவும் வருகிறார், அண்ணனாகவும் வருகிறார். சகோதரர்கள் இருவர் நாட்டுக்காக மோதும் மரபு ஒன்று. அப்பாவின் உரிமையை மகன் கேட்கும் மரபு இன்னொன்று. கதை இரண்டையும் வைத்துக்கொள்கிறது. வழக்காடுபவர் தன் கட்சிக்கு எந்த உறவு வலு சேர்க்குமோ அதைப் பிடித்துக்கொள்கிறார். வம்சாவளிப் படம் போடுபவர் இதில் ஒன்றை அழித்தாக வேண்டும். அழித்தால் வழக்கே புரியாது.

அதனால் உறவை எழுதினால் ஊரையும் காலத்தையும் கூடவே எழுதுங்கள். கோன்சுவின் அப்பா யார்? தீப்ஸில் அமுன். கோம் ஒம்போ கோயிலில் முதலைத் தெய்வமான சோபெக். அங்கே அம்மா ஹாத்தோர்.

இணைப்புப் பெயரை உறவாக நினைப்பது

அமுன்-ரா என்றால் அப்பாவும் மகனுமா, அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை, ஒருவருக்குள் ஒருவர் குடியிருக்கிறார். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ராணிகளின் பள்ளத்தாக்கில் 1904இல் கண்டெடுக்கப்பட்ட ராணி நெஃபர்டாரியின் கல்லறை ஓவியம் போதும். மம்மியாகச் சுற்றிய உடல், ஆட்டுக்கடாத் தலை, அதன்மேல் சூரிய வட்டு. இரு பக்கமும் ஐசிஸும் நெஃப்திஸும் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஒசைரிஸுக்குள் இளைப்பாறுவது ரா, ராவுக்குள் இளைப்பாறுவது ஒசைரிஸ் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இரவில் கூடுகிறார்கள். விடிந்தால் ரா தன் வழியே வானத்துக்குப் போகிறார், ஒசைரிஸ் கீழுலகிலேயே இருக்கிறார்.

புளூட்டார்க்கை மட்டும் நம்புவது

ஒசைரிஸ் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கோவையாகச் சொன்னவர் இந்த கிரேக்கர். பிரமிடுகளுக்குள் வாசகங்கள் பொறிக்கப்பட்டு 2,000 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு எழுதியவர். அனுபிஸ், ஒசைரிஸுக்கும் நெஃப்திஸுக்கும் பிறந்தவர் என்பது அவர் சொல்லும் கதை. எகிப்திய மரபில் பசுத் தெய்வமான ஹெசாட்டும் அனுபிஸின் தாய்.

சேத்தைச் சாத்தானாக்குவது

ஒசைரிஸைக் கொன்றவர் என்பதால் சேத்தை முழுத் தீயவராக எழுதிவிடுகிறார்கள். ஆனால் ராவின் படகில் முன்னால் நின்று, ராவின் எதிரியான அபெப் பாம்பைக் குத்துபவரும் அவர்தான்.

பூமித்தாயைத் தேடுவது

எகிப்தில் பூமி ஆண், வானம் பெண். கெப் கீழே படுத்திருக்க, நட் மேலே வில்லாக வளைந்திருப்பார். நட் மாலைதோறும் சூரியனை விழுங்கிக் காலைதோறும் பெற்றெடுக்கிறார். ஆட்டமும் சூரியன்தான், ஹீலியோபோலிஸ் கணக்கில் நட்டுக்குத் தாத்தா. தாத்தாவே தினமும் மகனாகப் பிறக்கிறார். இதைப் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.