அடையை விட்டு எழுந்த கோழி

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் எட்டுப் பெட்டைகள் உண்டு. போன சித்திரையில் 11 முட்டைகளோடு அடைக்கு வைத்த கருப்புப் பெட்டை, 16ஆம் நாள் சாயங்காலம் கூடையை விட்டு எழுந்துவிட்டது. இன்னும் ஐந்து நாளில் குஞ்சு பொரிக்க வேண்டியது. மனசு கேட்கவில்லை. பகலில் பார்த்தபோது கூடையில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி டார்ச் அடித்தால், இடுக்கெல்லாம் செல்லு, அதாவது கோழியைக் கடிக்கும் பொடிப் பூச்சி! கோழியின் கொண்டையும் வெளுத்திருந்தது.

"பழைய வைக்கோலைக் கொளுத்திடு கண்ணு. அது பகல்ல இடுக்குல ஒளிஞ்சு, ராத்திரி ரத்தம் குடிக்கும்" என்றார் அத்தை.

முட்டைகளில் சூடு இருந்தது. துடைத்து வேறு கூடைக்கு மாற்றினேன். அடியில் சலித்த அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலை, மேலே கேழ்வரகுத் தாள். கோழி தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. ஏழு குஞ்சுகள் பொரித்தன.

அப்புறம் கூண்டின் மரப்பொருத்துகளில் கொதிநீர் ஊற்றி, சுண்ணாம்பு அடித்தேன். செல்லின் முட்டைகள் பொரித்துவிடும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்தேன். கோழிகள் புரள, மணலும் சாம்பலும் கலந்த குழி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழி நோய்க்கு மட்டும் கைவைத்தியத்தை நம்புவதில்லை. அதற்குத் தடுப்பூசிதான்.